விடுதலை அடிமைக்கு, பணம் எஜமானுக்கு: இழப்பீட்டுக் கணக்கு இன்னும் முடியவில்லையா?

பழைய பேரேடு (மதுரை)

நண்பர்களுக்கு வணக்கம். வங்கித் தணிக்கைப் பிரிவில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். யார் கொடுத்தார், யார் வாங்கினார், ரசீது எங்கே என்று கேட்டே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு போன மாதம் ஒரு கணக்கைப் பார்த்தேன். அதிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

பிரிட்டன் 1833ல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. பள்ளிக்கூடத்தில் இந்த வரியோடு பாடம் முடிந்துவிடும். அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 2 கோடி பவுண்டு இழப்பீடு. அன்றைய அரசின் ஒரு வருடச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். ஆனால் அது போனது அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. "சொத்து" கைவிட்டுப் போகிறதே, அதற்கு ஈடு.

படிவம் போட்டார்கள். ஆணையம் வைத்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொரு ஆளுக்கும் வகை பிரித்தார்கள்: வயலில் வேலை செய்பவர், கைத்தொழில் தெரிந்தவர், வீட்டு வேலை செய்பவர், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, வயதாகியோ நோயாலோ "உபயோகமில்லாதவர்". வகைக்கு ஒரு விலை, காலனிக்கு ஒரு விலை. தென் அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் காலனியான கயானாவில் ஒரு ஆளுக்குச் சராசரி 50 பவுண்டு வரை போனது, ஜமைக்காவில் 20 பவுண்டை ஒட்டி நின்றது. கயானாவில் கரும்பு லாபம் அதிகம், அதனால் அங்கே மனிதனுக்கும் விலை அதிகம்.

சுமார் 8 லட்சம் அடிமைகளுக்கு என்ன கிடைத்தது? ஒரு பென்னி கூடக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, "தொழில் பழகுநர்" என்று பெயரை மாற்றி, வாரத்துக்கு 45 மணி நேரம் அதே எஜமானுக்குச் சம்பளம் இல்லாமல் உழைக்க வைத்தார்கள். 1838 ஆகஸ்ட் 1ல்தான் அது நின்றது. ஆக எஜமான்களுக்குக் கருவூலத்திலிருந்து ஒரு பங்கு, அடிமையின் முதுகிலிருந்து இன்னொரு பங்கு.

அந்த 2 கோடியில் ஒன்றரைக் கோடிக்கு ராத்சைல்டு, மாண்டிஃபியோரி என்ற லண்டன் வங்கியாளர்கள் கூட்டு மூலம் அரசு கடன் எழுப்பியது. அந்தக் கடன் பிறகு வேறு பத்திரங்களோடு கலந்து உருண்டு, கடைசியாக அடைக்கப்பட்டது 2015ல். எழுத்துப் பிழை இல்லை, இரண்டாயிரத்துப் பதினைந்துதான். ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து பேருந்து ஓட்டியவரும், மருத்துவமனையில் செவிலியராக இருந்தவரும், தங்கள் கொள்ளுப்பாட்டனை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்தின் பாக்கியைத் தங்கள் வரியிலிருந்து கட்டியிருக்கிறார்கள்.

அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது, "இழப்பீடு எல்லாம் நடைமுறைக்கு வருமா, எப்படிக் கணக்குப் போடுவது" என்று கேட்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கணக்கு ஏற்கெனவே போட்டாயிற்று. பணமும் பட்டுவாடா ஆயிற்று. தப்பான ஆளுக்குப் போயிற்று, அவ்வளவுதான். எங்கள் பிரிவில் இப்படி ஒரு வரவு கண்ணில் பட்டால் திருத்தப் பதிவு போடாமல் கோப்பை மூட விட மாட்டோம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

நேர்பட பேசு (கோவை)

ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். எஜமான்களுக்குப் பணம் போனது எனக்குத் தெரியாது, படித்ததும் கோபம்தான் வந்தது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கொடுமை செய்தவரும் இல்லை, அனுபவித்தவரும் இல்லை. இருநூறு வருடம் ஆகிவிட்டது. செய்யாத குற்றத்துக்கு ஒருவரிடம் வாங்கி, படாத அடிக்கு இன்னொருவருக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? ஆப்பிரிக்க மன்னர்களும்தான் பிடித்து விற்றார்கள், அவர்களிடம் யார் கேட்பது?

இன்னொன்று. என் தாத்தா கீழத்தஞ்சையில் பண்ணையாள். சாட்டையடியும் சாணிப்பாலும் எங்கள் வீட்டில் கதை இல்லை, அவர் முதுகில் தழும்பாகவே இருந்தது. எனக்கு யாரும் இழப்பீடு தரவில்லை. படித்தேன், மேலே வந்தேன். பழைய காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நடக்க முடியாது என்பது என் அனுபவம்.

---

வழக்காடு மன்றம் (திருச்சி)

> செய்யாத குற்றத்துக்கு ஒருவரிடம் வாங்கி

தம்பி, குற்றம் வேறு, கடன் வேறு. குற்றவியல் வழக்கில் அப்பன் செய்ததற்கு மகனை உள்ளே போட முடியாது, அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சிவில் வழக்கு அப்படி இல்லை. இறந்தவரின் வாரிசு, தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு அவருடைய கடனுக்குப் பொறுப்பு. நம் நீதிமன்றங்களில் தினமும் நடப்பதுதான் இது. சொத்து வரவில்லையா, கடனும் வராது. வீடும் நிலமும் வேண்டும், அடமானக் கடன் மட்டும் "அப்பா காலத்தது" என்று சொன்னால் நீதிபதி கேட்க மாட்டார்.

ஒரு நாட்டு அரசு, ஒரு திருச்சபை, ஒரு பல்கலைக்கழகம், இவை எல்லாம் சாகாத ஆட்கள். 1833ல் கையெழுத்துப் போட்ட அதே அரசுதான் 2015ல் கடைசித் தவணையைக் கட்டியது. 182 வருடத்துக்கு முந்தைய பொறுப்பை எஜமான் விஷயத்தில் அது மறக்கவில்லை. "ரொம்ப நாள் ஆகிவிட்டது" என்ற வாதம் அந்தப் பக்கத்துக்கு எடுபடவில்லை பாருங்கள்.

ஆப்பிரிக்க மன்னர்கள் பற்றி: பலர் சேர்ந்து ஒரு தீங்கைச் செய்தால் அது கூட்டுப் பொறுப்பு. இன்னொருவனும் செய்தான் என்பது யாரையும் விடுவிக்காது. பெனின் நாட்டு அதிபராக இருந்த மத்தியூ கெரெக்கு 1999ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குப் போய், தன் மண்ணின் மன்னர்கள் செய்ததற்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

---

மணற்கேணி (சென்னை)

அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன், வரலாறு நடத்துபவள் என்பதால் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இந்தக் கோரிக்கையை 21ஆம் நூற்றாண்டில் யாரோ கிளப்பினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களே கேட்டார்கள், உடனே கேட்டார்கள், கணக்கோடு கேட்டார்கள்.

1783ல், பெலிண்டா என்ற மூதாட்டி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். ராயல் என்ற பெயர் கொண்ட எஜமான் குடும்பத்துக்கு ஐம்பது வருடம் உழைத்தவர். அந்தச் சொத்திலிருந்து அவருக்கு வருடத்துக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஓரிரு முறை கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிழவி திரும்பத் திரும்ப மனு எழுதிக்கொண்டே இருந்தார்.

1865 ஜனவரி 12, சவான்னா நகரம். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். ஜெனரல் ஷெர்மன் கறுப்பின மதபோதகர்கள் 20 பேரை அழைத்து, உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், 67 வயது. எட்டு வருடம் முன்புதான் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் தானே விலைக்கு வாங்கி மீட்டவர். அவர் பணம் கேட்கவில்லை. நிலம் கொடுங்கள், நாங்களே உழுது பிழைத்துக்கொள்கிறோம், உழைத்து அதை விலைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்றார். நான்கு நாளில் உத்தரவு வந்தது. தெற்குக் கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே வருடம் முடிவதற்குள் நிலங்களைப் பழைய எஜமான்களுக்கே திருப்பினார். எடிஸ்டோ தீவில் ஒரு தேவாலயத்தில் மக்களைக் கூட்டி இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஜெனரல் ஹோவர்டுக்கு வந்தது. முளைத்த பயிரோடு நிலத்தை விடச் சொல்கிறார் ஒருவர், கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் நட்டவர்கள். அந்த இடத்தில் என்னால் பாடத்தை நிறுத்தாமல் மேலே போக முடிந்ததே இல்லை.

பிறகு கேலி ஹவுஸ். டென்னசியில் அடிமையாகப் பிறந்து, துணி வெளுத்தும் தைத்தும் ஐந்து பிள்ளைகளை வளர்த்த விதவை. முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கேட்டு 1890களில் அவர் சங்கம் கட்டினார். லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தது. 1915ல், அடிமைகள் பறித்த பருத்திக்கு வரியாக வசூலித்து அரசு வைத்திருந்த 6 கோடியே 80 லட்சம் டாலரைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். தள்ளுபடி. 1917ல் அந்த அம்மாவையே அஞ்சல் மோசடி என்று சொல்லிச் சிறையில் வைத்தார்கள். அரசு ஒருபோதும் தராத ஓய்வூதியத்தைத் தரும் என்று நம்ப வைத்தாராம். குற்றச்சாட்டு அதுதான்.

எஜமான்களுக்குக் கொடுத்தது பிரிட்டன் மட்டும் இல்லை. வாஷிங்டன் நகரில் 1862 ஏப்ரலில் அடிமைகளை விடுவித்தபோது, ஆளுக்கு 300 டாலர் வரை எஜமான்களுக்குத்தான் போனது. நெதர்லாந்து 1863ல் சுரினாமில் ஒரு ஆளுக்கு 300 கில்டர் என்று எஜமான்களுக்குக் கொடுத்தது. விடுதலையானவர்கள் அதற்குப் பிறகும் பத்து வருடம் ஒப்பந்தத்தில் உழைக்க வேண்டும் என்று வைத்தது.

---

கடற்காகம் (பாரிஸ்)

மணற்கேணி அக்கா, அந்த வரிசையில் ஹைட்டியை விட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது.

அங்கே யாரும் விடுதலையைக் கொடுக்கவில்லை. அடிமைகளே எழுந்து, நெப்போலியன் படையைத் தோற்கடித்து, 1804ல் தனி நாடு அறிவித்தார்கள். 21 வருடம் கழித்து, 1825ல், பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். 15 கோடி பிராங்க் கட்டு, அப்போதுதான் உன்னை நாடாக ஏற்போம். எதற்கு? இழந்த நிலத்துக்கும் இழந்த அடிமைகளுக்கும். அதாவது, தங்களையே விலை போட்டு அந்த விலையைத் தாங்களே கட்ட வேண்டும்.

முதல் தவணைக்கே கையில் பணம் இல்லை. பாரிஸ் வங்கிகளிடம் 3 கோடி கடன் எடுத்தார்கள். தரகு, கழிவு எல்லாம் போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். 1838ல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். எஜமான் வாரிசுகளுக்கு 1888 வரை கட்டினார்கள். அதை அடைக்க வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது. காப்பி விற்று வந்த சுங்கம் பள்ளிக்கூடமாக ஆகியிருக்க வேண்டும், சாலையாக ஆகியிருக்க வேண்டும். கப்பலேறிப் போயிற்று.

2003ல் அதிபர் அரிஸ்டீட் இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார், 2,100 கோடி டாலருக்கு மேல் கணக்குக் காட்டினார். அடுத்த வருடம் அவர் பதவியில் இல்லை. 2025 ஏப்ரலில், அந்த உத்தரவின் இருநூறாவது ஆண்டில், பிரான்ஸ் அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாளர்கள் குழு ஒன்றை அறிவித்தார். குழுவோடு நிற்கிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1848ல் பிரான்ஸ் மற்ற தீவுகளில் அடிமை முறையை ஒழித்தபோதும் எஜமான்களுக்குத்தான் இழப்பீடு. கையில் பணம், தோட்டத்தில் ஆள் இல்லை. ஆள் எங்கே கிடைத்தது? புதுச்சேரியிலும் காரைக்காலிலும். 1853ல் முதல் கப்பல் மார்ட்டினிக்கில் கரை சேர்ந்தது. குவாதலூப்பில் இன்று மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

---

சாக்ரமெண்டோ தமிழன் (கலிபோர்னியா)

நான் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2009ல் வேலை விசாவில் வந்தவன் நான். என் முன்னோர் யாரையும் அடிமையாக வைத்ததில்லை. இந்த மாநிலத்தில் இழப்பீடு ஆய்வுக் குழு 2023 ஜூனில் இறுதி அறிக்கை கொடுத்தபோது, பல நூறு பில்லியன் டாலர் என்றெல்லாம் செய்தித்தாளில் மதிப்பீடு வந்தது. என் வரிப்பணம் ஏன் இதற்குப் போக வேண்டும்? கலிபோர்னியா அடிமை மாநிலம் கூட இல்லையே. வெறுப்பில் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்கிறேன்.

---

மணற்கேணி (சென்னை)

கேட்டது நல்லது. 1850ல் "அடிமை இல்லாத மாநிலம்" என்றுதான் கலிபோர்னியா சேர்ந்தது. 1852ல் அதே மாநிலம் ஒரு சட்டம் போட்டது: தெற்கிலிருந்து எஜமானோடு வந்த அடிமை இங்கே தப்பித்தால், பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏட்டில் ஒன்று, நடப்பில் ஒன்று.

இன்னொரு விஷயம். இந்த விவாதம் 1865ல் முடிந்த அடிமை முறையைப் பற்றி மட்டும் இல்லை. 1930களில் மத்திய அரசே வீட்டுக்கடன் வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் இருந்த தெருக்களைச் சிவப்பில் குறித்தது. அந்தக் கோட்டுக்குள் கடன் கிடைக்காது. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் சொத்து என்பது வீடுதான், அதை அப்பா பிள்ளைக்கு விட்டுப் போவதுதான். மத்திய வங்கி 2022ல் எடுத்த கணக்கில், நடுத்தர நிலையில் உள்ள ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் நிகர சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். சம்பள வித்தியாசத்தை வைத்து மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்க முடியாது. ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே வந்தது, மறுபக்கம் சேர விடவில்லை.

நேர்பட பேசு தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாத்தாவை நான் வணங்குகிறேன். உங்கள் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யாருமே எதுவும் தரவில்லை என்பது சரியா? 1952ல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, செங்கொடிச் சங்கம் போராடி வாங்கியது. கல்வி உதவித்தொகையும் விடுதியும் இட ஒதுக்கீடும் இருந்தன. பழைய அநீதிக்கு நம் சமூகம் கொடுக்கத் தொடங்கிய ஈடு அது. போதாது, ஆனால் ஈடுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த கல்லூரிச் சேர்க்கைச் சலுகையையே 2023ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

---

நேர்பட பேசு (கோவை)

அக்கா, விடுதிச் சோற்றில்தான் நான் படித்தேன். அதை ஈடு என்று இதுவரை யோசித்ததில்லை. இரண்டு நாள் டைம் கொடுங்கள்.

---

கொழுந்துக்கூடை (அட்டன்)

வணக்கம். நான் இலங்கை மலையகத்தவள். அப்பம்மா காலம் தொட்டுத் தேயிலைத் தோட்டம்தான். பேரேடு ஐயா கயானா பற்றி எழுதியிருந்தார், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சொல்கிறேன்.

அந்த 2 கோடி பவுண்டில் மிகப் பெரிய தொகை வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு தடவை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பன். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் கூடிய அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேலே பெற்றார். காசை வாங்கிக்கொண்டு என்ன செய்தார்? கல்கத்தாவில் ஒரு கம்பனிக்குக் கடிதம் எழுதினார், இந்தியாவிலிருந்து ஆள் வேண்டும் என்று. 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்று இரண்டு கப்பல்கள் கயானாவில் போய் நின்றன. அதில் போனவர்கள் வடக்கே சோட்டா நாக்பூர் பக்கத்து மலைச்சனம்தான் அதிகம். நம்மவர்கள் பின்னால் மதராஸ் கப்பல்களில் போனார்கள்.

மாதத்தைக் கவனியுங்கள். மே. அடிமைகளுக்கு முழு விடுதலை வந்தது ஆகஸ்டில். அவர்கள் நியாயமான கூலி கேட்க வாய் திறப்பதற்கு முன்னமே, அந்த வாயை அடைக்க வேறு ஏழைகளைக் கொண்டுவந்து இறக்கியாயிற்று. ஒப்பந்தத்தை மீறினால் சிறை. இழப்பீட்டுக் காசு ஒரு கொடுமையை முடித்து வைக்கவில்லை ஐயா, அடுத்ததுக்கு முதல் போட்டது.

எங்களுடையது ஒப்பந்த முறை இல்லை, ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டி வருகிற கங்காணி முறை. கப்பல் கூலி, வழிச் சாப்பாடு எல்லாம் கங்காணி கொடுத்த முற்பணம், அது எங்கள் கணக்கில் கடன். தோட்டம் மாறப் போனால், அந்தக் கடனை எழுதின "துண்டு" கையில் வேண்டும். அடுத்த துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். 1921ல்தான் துண்டு முறையை நிறுத்தினார்கள். இவ்வளவு பாடுபட்ட சனத்துக்கு 1948ல் பிரஜாவுரிமையே இல்லை என்று சட்டம் போட்டார்கள். அதனால் "பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு எரியும். எங்களில் பல பேர் இன்றைக்கும் சொந்தக் காணி இல்லாமல் வெள்ளைக்காரன் கட்டின லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான் இருக்கிறோம். எது பழைய கதை?

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "நாங்களும் கஷ்டப்பட்டோம், ஆகவே கறுப்பின மக்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை" என்று எங்கள் கதையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். எங்கள் ஆட்களுக்குக் கூலி என்று ஒன்று இருந்தது, பிள்ளையைப் பிடுங்கி விற்க யாருக்கும் உரிமை இருக்கவில்லை. அவர்கள் பட்டது வேறு. மொரிசியசில் 2009ல் அமைத்த உண்மை நீதி ஆணையம் அடிமை முறையையும் ஒப்பந்தக் கூலி முறையையும் ஒன்றாக வைத்தே விசாரித்தது, 2011ல் அறிக்கை கொடுத்தது. இரண்டையும் மோத விடாமல் பேசலாம் என்பதற்காகச் சொன்னேன்.

கிளாட்ஸ்டன் பரம்பரையினர் 2023ல் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் எதிர்ப்பு அட்டை பிடித்தவர்களும் இருந்தார்கள். மன்னிப்பு மட்டும் போதாது என்றார்கள்.

---

வழக்காடு மன்றம் (திருச்சி)

அம்மா, "அடுத்ததுக்கு முதல் போட்டது" என்ற உங்கள் வரியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

---

நேர்பட பேசு (கோவை)

இரண்டு நாள் கேட்டேன், மூன்று நாள் ஆகிவிட்டது.

கடன் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஜமானுக்கு ஈடு கொடுக்க முடிந்தது என்றால் அடிமைக்கும் முடியும், அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் யாருக்கு, எப்படி என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. ஆறு ஏழு தலைமுறை தாண்டிய பிறகு யார் வாரிசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளுக்கு ஒரு காசோலை கொடுத்துவிட்டு "முடிந்தது, இனிப் பேசாதே" என்று சொல்லிவிட்டால் அது இன்னும் பெரிய அநியாயம் இல்லையா?

---

பழைய பேரேடு (மதுரை)

நல்ல கேள்வி. நான் பயப்படுவதும் அந்தக் கடைசி வரிக்குத்தான்.

வாரிசைக் கண்டுபிடிக்கும் வேலை நாம் நினைப்பதை விடச் சுலபம். காரணம் கொடுமையானது: அவர்கள் சொத்தாக இருந்ததால் ஒவ்வொருவரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை நடத்திய இயேசு சபையார், 1838ல் கடனை அடைக்க 272 பேரை லூசியானா தோட்டக்காரர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்றார்கள். பெயரும் வயதுமாகப் பட்டியல் இருக்கிறது, கப்பல் பதிவு இருக்கிறது, ஞானஸ்நான ஏடு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே ஆயிரக்கணக்கான வாரிசுகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2021ல் அமெரிக்க இயேசு சபை 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தது.

எவன்ஸ்டன் என்று சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி. அங்கே 1919 முதல் 1969 வரை வீட்டு விஷயத்தில் நடந்த பாகுபாடு என்று காலத்தையும் குறையையும் குறுக்கி வரையறுத்தார்கள். அப்போது அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் 25,000 டாலர். கஞ்சா விற்பனை வரியிலிருந்து எடுத்தார்கள். முதலில் வீடு வாங்க, பழுது பார்க்க என்று மட்டும் கொடுத்தார்கள். "பணம் வங்கிக்கும் மேஸ்திரிக்கும் போகிறது, எங்கள் கையில் கொடுக்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை" என்று மக்கள் கேட்டார்கள். 2023ல் ரொக்கமாகவும் தரலாம் என்று மாற்றினார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. நம் ஊரில் நிவாரணம் கொடுப்பவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

கரீபிய நாடுகள் கூட்டாக 2014ல் வெளியிட்ட பத்து அம்சத் திட்டத்தில் ஆளுக்குக் காசோலை என்பதே இல்லை. முறையான மன்னிப்பு, கடன் தள்ளுபடி, மருத்துவம், எழுத்தறிவு, தொழில்நுட்பம் என்று நாட்டளவில் கேட்கிறார்கள். அங்கே சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் பெருவாரியாக இருப்பதற்கும் பல தலைமுறைக்கு உப்புக் கருவாடும் சர்க்கரையுமாகப் போட்டு வளர்த்ததற்கும் தொடர்பு உண்டு என்பது அவர்கள் வாதம்.

எனக்குக் கேட்டால், முன்மாதிரி 1988ல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலரும் மன்னிப்பும் சட்டமாகவே வந்தன. மறு வருடமே கான்யர்ஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் எச்.ஆர். 40 என்று அறியப்பட்ட மசோதாவைக் கொண்டுவந்தார். பணம் கொடு என்று கூட இல்லை, ஆராய ஒரு குழு போடு என்றுதான். அது இன்றுவரை நிறைவேறவில்லை. கணக்கைப் பார்க்கவே மறுக்கிற இடத்தில்தான் தணிக்கையாளனுக்குச் சந்தேகம் வலுக்கும்.

1865ல் ஒருவர் போட்ட கணக்கு ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஜோர்டன் ஆண்டர்சன், டென்னசியில் அடிமையாக இருந்து, 1864ல் விடுதலையாகி ஒஹாயோ போனவர். பழைய எஜமான் "திரும்பி வந்து வேலை பார், நன்றாக வைத்துக்கொள்கிறேன்" என்று ஆள் தேடிக் கடிதம் எழுதுகிறான். ஜோர்டன் பதில் சொல்லி எழுத வைக்கிறார். நான் உழைத்தது 32 வருடம், என் மனைவி மாண்டி 20 வருடம். எனக்கு மாதம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர். மொத்தம் 11,680 டாலர், அதற்கு வட்டியும் உண்டு. நீங்கள் கொடுத்த துணிமணி, எனக்கு மருத்துவர் மூன்று முறை வந்தது, மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியது, இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள், அப்போது நம்புகிறோம் என்றார்.

அந்தப் பல் செலவைக் கூட அவர் கழித்தார். கணக்கு எழுதியே வாழ்ந்த நான் இதைவிட நேர்மையான ஒரு பற்றுச்சீட்டைப் பார்த்ததில்லை.

---

சாக்ரமெண்டோ தமிழன் (கலிபோர்னியா)

ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

பல் விஷயத்தைப் படித்த அன்று இரவு, என் வீட்டு ஆவணக் கோப்பை எடுத்தேன். 1940களில் பிரித்த மனை, வாங்கும்போது ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள், நான் கையெழுத்துப் போட்டதோடு சரி, படித்ததில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். தட்டச்சு செய்த பழைய நகல் ஒன்றில், எவ்வளவு தூரம் தள்ளிச் சுவர் எடுக்க வேண்டும், கோழி வளர்க்கக் கூடாது என்பதற்கு நடுவில் இருக்கிறது: வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, அங்கே வேலை செய்யும் வீட்டுப் பணியாளர் தவிர.

நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிற இதே அடுப்படியில், அன்றைக்கு நான் சமையல்காரனாக மட்டும்தான் நிற்க முடியும். இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று பகத் சிங் திந்த் வழக்கில் 1923லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதையும் தேடிப் படித்தேன். பிறகு, இந்த மாதிரி விதியை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948ல் தீர்ப்பு வாங்கியவர்கள் செயிண்ட் லூயிசில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம். 1968 வீட்டு வசதிச் சட்டம் அவர்கள் போராட்டத்தில் வந்தது. என்னைப் போன்றவர்கள் வர வழி திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் அதே காற்றில் வந்ததுதான்.

"என் வரிப்பணம் ஏன்" என்று கேட்டிருந்தேன். அவர்கள் அடிபட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான பில்லியன் என்ற எண் இன்னும் எனக்கு உறுத்துகிறது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "எனக்குச் சம்பந்தம் இல்லை" என்று இனி எழுத மாட்டேன்.

இந்த மாநிலத்திலேயே நடந்த ஒன்றையும் பார்த்தேன். மன்ஹாட்டன் பீச்சில் புரூஸ் தம்பதி 1912ல் கடலோர மனை வாங்கிக் கறுப்பின மக்களுக்குத் தங்கும் விடுதி நடத்தினார்கள். 1924ல் பூங்கா கட்டப் போகிறோம் என்று நகராட்சி கையகப்படுத்தத் தீர்மானம் போட்டுப் பறித்தது. பல பத்து வருடம் பூங்காவும் வரவில்லை. 2022ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அந்த நிலத்தை வாரிசுகளுக்கே திருப்பிக் கொடுத்தது. அவர்கள் மறு வருடம் ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு அதைக் கவுண்டியிடமே விற்றார்கள். "ஏன் விற்றார்கள்" என்று என் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அவர்கள் நிலம், அவர்கள் இஷ்டம் என்று சொன்னேன்.

இப்போது என் சந்தேகம். அந்த வரியை நீக்க கவுண்டி பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? அழித்துவிட்டால், நடந்ததற்கு இருக்கிற சாட்சியும் போய்விடுமோ என்று கை வரவில்லை.

---

மணற்கேணி (சென்னை)

தம்பி, நீங்கள் நீக்கினாலும் மூலப் பதிவைக் கவுண்டி தன் ஆவணக் காப்பில் வைத்திருக்கும். இனி வீடு வாங்க வருகிறவர் கையில் போகிற நகலில்தான் அந்த வரி இருக்காது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, முகவரியை மறைத்து அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்ப முடியுமா?

---

கொழுந்துக்கூடை (அட்டன்)

எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் தம்பி. எங்கள் தோட்டத்துப் பழைய செக்ரோல் ஏட்டில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், என் பூட்டனாரின் பெயர் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பெயருக்கு முன்னால் ஒரு எண், பின்னால் கடன். அதை நான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

---

பழைய பேரேடு (மதுரை)

முதலில் எல்லாப் பக்கங்களையும் தெளிவாகப் படியெடுங்கள், தேதி முத்திரை விழுந்திருக்கிற பின்பக்கத்தையும் சேர்த்து. அதற்கு அப்புறம் படிவத்தை அனுப்புங்கள்.